87 சதவீதம் பேருக்கு எதிர்ப்பணு இருந்தும் ஒமிக்ரான் பரவியது ஏன்?

2021 ஜூன்–ஜூலையில் தமிழகச் சுகாதாரத்துறை எடுத்த ரத்த ஆய்வில், மாநிலத்தில் 66 சதவீதம் பேரிடம் கொரோனா எதிர்ப்பணு இருந்தது. விருதுநகரில் 84; ஈரோட்டிலோ 37 மட்டுமே. டிசம்பருக்குள் தடுப்பூசியாலும் தொற்றாலும் மாநில அளவு சுமார் 87 ஆனது. ஆனாலும் 2022 ஜனவரியில் ஒமிக்ரான் அலை வந்தது. எப்படி?

ஒருவர் மூவருக்குப் பரப்பும் கிருமி என்றால், அந்த மூவரில் இருவருக்கு எதிர்ப்பு இருந்தால் பரவல் மேலே ஏறாது. கணக்கு சரிதான். ஆனால் கையில் போடும் ஊசி ரத்தத்தில் எதிர்ப்பணுவை நிறைக்கும் அளவுக்கு, கிருமி நுழையும் மூக்கில் நிறைப்பதில்லை. ரத்தத்திலும் அது மாதக்கணக்கில் குறையும். போதாததற்கு ஒமிக்ரான் தன் முள் புரதத்தை வெகுவாக மாற்றிக்கொண்டது. பழைய எதிர்ப்பணுக்களால் அதைச் சரியாகப் பற்ற முடியவில்லை.

நோய் எதிர்ப்பு அமைப்பின் டி செல்கள் மட்டும் ஏமாறவில்லை. தொற்றிய செல்களை அவை அடையாளம் கண்டு அழித்தன. அதனாலும், தொற்று பெருகியும், மரணம் இரண்டாம் அலை அளவுக்கு ஏறவில்லை. இதைச் சிறிய வெற்றி என்று யாரும் சொல்லக்கூடாது.

ஒமிக்ரானைப் போலன்றி, தட்டம்மைக் கிருமி அவ்வளவாக உருமாறுவதில்லை. இரண்டு தவணை ஊசி பரவலையே நிறுத்தும். ஆனால் 95 சதவீதம் பேர் போட வேண்டும். உங்கள் குழந்தையின் தடுப்பூசி அட்டையில் ஒன்றரை வயதில் போடும் இரண்டாம் தவணை பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம்.