ஒரு பாட்டின் நெடும்பயணம்

புணே நகரில் குடியேறிய தமிழர் எவரும் விநாயகர் திருவிழாவின் நிறைவு நாளை எளிதில் மறவார். இலட்சுமி வீதி நெடுக ‘டோல்’ என்னும் பெருமுழவும் ‘தாஷா’ என்னும் சிறுபறையும் அணியணியாக முழங்கும். தாஷா விரைந்து பொரியும். டோல் அளவறிந்து இடிக்கும். மராத்தி அறியாதவர் காலும் அந்த இடிக்கு இசைந்து தானே அசையும். சொல் புரியாவிடினும் தாளம் புரிந்துவிடுகின்றது. இதனை நினைவிற் கொண்டால், இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பாட்டின் கதை இனிது விளங்கும்.

எங்கள் குடியிருப்பில் கல்லூரி மாணவர் ஒருவர் ஒருநாள் அமெரிக்கப் பாட்டு ஒன்றை உரக்க ஒலிக்கவிட்டார். அடுத்த வீட்டு மராத்தி மூதாட்டி சன்னலைத் திறந்து, “இது நம் ஆஷாவின் பாட்டல்லவா!” என்றார். மாணவர் மறுத்தார். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது.

மூதாட்டி நினைத்த பாட்டு, 1978ஆம் ஆண்டில் சந்திர பரோட் இயக்கி வெளிவந்த ‘டான்’ என்னும் இந்திப் படத்தின் ‘யே மேரா தில்’. இசை, கல்யாண்ஜி – ஆனந்த்ஜி சகோதரர், சொல், இந்தீவர், குரல், ஆஷா போஸ்லே, திரையில் ஆடியவர் ஹெலன். அதற்காக ஆஷா போஸ்லே ஃபிலிம்ஃபேர் விருது பெற்றார். தமிழர்க்கும் இப்படம் அயலன்று. இதன் கதையே 1980இல் இரஜினிகாந்த் நடிப்பிலும் எம். எஸ். விசுவநாதன் இசையிலும் ‘பில்லா’ ஆயிற்று.

இந்திப் பாட்டாயினும் இதன் நடை ‘ஃபங்க்’ எனப்படும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைச் சாயலை உடையது. வியர்வையின் கடுநாற்றத்தைக் குறித்த வழக்குச் சொல்லே, உழைத்து ஆடும் இந்த இசைக்குப் பெயராயிற்று. இதனை உருவாக்கியவர்களுள் தலையாயவர் ஜேம்ஸ் பிரௌன். அவருக்கு முந்திய ஆடற்பாட்டுகளில், நான்கு எண்ணிக்கையுள்ள சுற்றில் இரண்டாம் தட்டும் நான்காம் தட்டும் அழுத்தம் பெற்றன. 1960களின் நடுவிலிருந்து பிரௌன் அந்த அழுத்தத்தை முதல் தட்டுக்கு மாற்றினார். ஆதிதாளத்தில் சமம் விழும் இடத்தை நாம் உள்ளங்கையால் தட்டுவதுபோல், அவருடைய குழுவினர் அனைவரும் முதல் தட்டில் ஒன்றுகூடுவர். அதன்பின் கித்தார் ஒருபுறம், குழல் ஒருபுறம், முழவு ஒருபுறம் எனத் தனித்தனியே துள்ளி, மீண்டும் அவ்விடத்திற்கே வந்து சேர்வர். இங்கே மெட்டினும் தாளமே தலைமை பெறுகின்றது. எல்லாக் கருவிகளும் முழவாகிவிடுகின்றன என்றாலும் பொருந்தும்.

பிரௌன் குழுவில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் என்னும் முழவுக் கலைஞர் இருந்தார். 1969இல் பதிவாகி 1970இல் வெளிவந்த ‘ஃபங்கி டிரம்மர்’ என்னும் பாட்டில், ஏனையோர் ஓய்ந்திருக்க, அவர் சில விநாடிகள் தனித்து வாசித்தார். பிற்காலத்தில் பழைய ஒலிப்பதிவுகளின் துண்டுகளை வெட்டி ஒட்டிப் புதுப்பாட்டு அமைக்கும் முறை பிறந்தபோது, அச்சிறு துண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் இடம்பெற்றது. ஆயினும் அப்பாட்டின் ஆக்கியோராகப் பதிவானவர் பிரௌன் ஒருவரே. முழவு வாசித்தவருக்கு அன்றைய கூலி கிடைத்தது, உரிமைத்தொகை கிடைக்கவில்லை. உலகம் முழுவதும் கேட்ட கைக்குரியவர், 2017இல் மறையும்வரை, பலர்க்கும் பெயர் தெரியாதவராகவே இருந்தார்.

இனி, மாணவர் ஒலிக்கவிட்ட பாட்டிற்கு வருவோம். அது ‘பிளாக் ஐட் பீஸ்’ என்னும் அமெரிக்கக் குழுவினர் 2005இல் வெளியிட்டது. ‘யே மேரா தில்’ பாட்டிலிருந்தும், 1972இல் வந்த ‘அப்ராத்’ படத்தில் அதே சகோதரர் இசையமைத்து ஆஷா போஸ்லே பாடிய மற்றொரு பாட்டிலிருந்தும் பகுதிகளை எடுத்து அதனை அமைத்தனர். 2006இல் அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது. அமெரிக்காவில் பிறந்த ஒரு தாள நடை பம்பாய் வந்து, இந்தி பேசி, மீண்டும் பிறந்த நாட்டிற்கே விருந்தாகச் சென்ற விந்தை இது. அதே ஆண்டில் ‘டான்’ படம் மீண்டும் எடுக்கப்பட்டபோது, சுனிதி சௌகான் குரலில் இப்பாட்டு புத்துருப் பெற்றது. தமிழிசைக்கும் இத்தகைய பயணம் உண்டு. ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படத்திற்கு இளையராஜா அமைத்த இசையின் ஒரு பகுதி, அதே அமெரிக்கக் குழுவின் 2003ஆம் ஆண்டுப் பாட்டொன்றில் ஒலிக்கின்றது.

இங்கே கருதத்தக்க வேறுபாடு ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டுப் பாட்டின் ஆக்கியோர் பட்டியலில் கல்யாண்ஜி, ஆனந்த்ஜி, இந்தீவர் ஆகிய மூவர் பெயரும் உள்ளன. இந்தீவர் 1997இலும் கல்யாண்ஜி 2000இலும் மறைந்தனர். மறைந்த பின்னரும் அவர்கள் பெயர் பாட்டோடு கடல் கடந்து சென்றது. ஸ்டபிள்ஃபீல்ட் வாழ்ந்திருந்தும் அப்பேறு பெறவில்லை. நம் நாட்டில் 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய உரிமைத்தொகைப் பங்கினை இழவாதவாறு பாதுகாப்புப் பெற்றனர். பாடுவோர், வாசிப்போர் முதலிய நிகழ்த்துகலைஞர்க்கும் வணிகப் பயன்பாட்டில் பங்குரிமை வகுக்கப்பட்டது. ஆனால் சட்டம் பணத்தைத்தான் பெற்றுத்தரும். பெயரை நினைவில் வைத்தல் கேட்போர் கடமை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் ஆதலின், பெயரின்றி உழைப்பதன் இயல்பை யான் ஓரளவு அறிவேன். வானொலி நிலையத்தார் பாட்டிற்கு முன் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என நிரலே அறிவிக்கும் வழக்கத்தைச் சிலர் வீண் சடங்கு என எண்ணுவர். அது சடங்கன்று, கடன் தீர்த்தலாகும். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம் நம் பெயரும் தாய்மொழியும் மறையாதிருக்க விழைகின்றோம் அன்றோ? ஊர்விட்டு ஊர் செல்லும் பாட்டுக்கும் அந்நீதி பொருந்தும். அடுத்த முறை நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு பாட்டிற்குத் தாளம் போடும்போது, ‘இதனை அமைத்தவர் யார், வாசித்தவர் யார்?’ என்று அவர்களைக் கேட்போம். விடை தேடும் முயற்சியிலேயே மறைந்த கலைஞர் ஒருவர் மீண்டும் நம் வீட்டிற்கு வந்துவிடுவார்.