மின்கருவி வணிகக்குறிகளும் பேரங்காடி விற்பனையும்

துளையிடும் எந்திரம், வட்ட வாள், தேய்ப்பு எந்திரம் முதலிய மின்கருவிகளின் தரத்தையும் நற்பெயரையும் அவை விற்கப்படும் இடமும் பாதிக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவில் முன்பு இவற்றைத் தொழிலாளர்கள் பெரும்பாலும் தனிக் கருவிக் கடைகளிலேயே வாங்கினர். 1979 இல் அட்லாண்டாவில் முதற்கடைகளைத் திறந்த ஹோம் டிப்போ போன்ற பேரங்காடிகள் பெருகிய பின்னர், நாள் முழுதும் மரம் அறுக்கும் தச்சரும், சுவரில் படம் மாட்ட ஒரு துளை மட்டும் வேண்டுபவரும் ஒரே அடுக்கின் முன் நிற்கத் தொடங்கினர். இருவருக்கும் ஒரே பெயரில் விற்பது எளிதன்று என்பதைப் பின்வரும் வரலாறு காட்டுகின்றது.

பிளாக் அண்ட் டெக்கரும் டிவால்ட்டும்

1910 இல் பால்ட்டிமோரில் தொடங்கப்பட்ட பிளாக் அண்ட் டெக்கர், கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விரலால் அழுத்தும் ஆளியும் கொண்ட துளையிடும் எந்திரத்துக்கு 1917 இல் காப்புரிமை பெற்றது. இன்றைய துளையிடும் எந்திரங்களின் வடிவம் அதிலிருந்தே வந்தது. பின்னர் அந்நிறுவனம் வீட்டுப் பயனர்களை நோக்கித் திரும்பியது. 1984 இல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் சிறு வீட்டுச் சாதனப் பிரிவை வாங்கியதால், துணி தேய்க்கும் பெட்டியிலும் ரொட்டி வாட்டும் கருவியிலும் அதே பெயர் இடம்பெற்றது.

விளைவு கடுமையாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில், கட்டடத் தொழிலாளர்கள் வாங்கும் கருவிச் சந்தையில் ஜப்பானின் மக்கிட்டா ஏறத்தாழப் பாதியைப் பிடித்திருந்தது. பிளாக் அண்ட் டெக்கரின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. கருவிகள் மோசமாக இருந்தன என்பதன்று. பெயரை மறைத்துச் சோதித்தபோது அவை போட்டியாளரின் கருவிகளுக்கு ஈடுகொடுத்தன. சமையலறைப் பொருளின் பெயர் பொறித்த கருவியுடன் வேலைத்தளத்துக்குச் செல்லவே தொழிலாளர்கள் தயங்கினர்.

1992 இல் நிறுவனம் தன் பெயரையே நீக்கி, 1960 இல் வாங்கியிருந்த டிவால்ட் என்ற பழைய பெயரில் மஞ்சள் நிறக் கருவிகளை வெளியிட்டது. அவையும் பேரங்காடிகளில் விற்கப்பட்டன. எனினும் சில ஆண்டுகளிலேயே டிவால்ட் மக்கிட்டாவை முந்தியது. ஆகவே பேரங்காடியில் விற்பது மட்டுமே பெயரைக் கெடுப்பதில்லை. இரு வகைப் பயனர்களை ஒரே பெயரில் கலப்பதே பெரிதும் கெடுக்கின்றது எனலாம். ஹாங்காங்கின் டிடிஐ நிறுவனமும் இவ்வாறே செயற்படுகின்றது. அது 2005 இல் வாங்கிய மில்வாக்கியின் சிவப்புக் கருவிகள் தொழிலாளருக்கும், ரியோபியின் பச்சைக் கருவிகள் வீட்டுப் பயனருக்கும் உரியவை. இரண்டும் ஹோம் டிப்போவில் கிடைக்கின்றன.

இதற்கு எதிர்மாறானது போர்ட்டர்-கேபிளின் கதை. 1906 இல் தொடங்கி மரவேலைக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற இக்குறியை 2004 இல் பிளாக் அண்ட் டெக்கர் வாங்கியது. ஏற்கெனவே டிவால்ட் இருந்ததால், போர்ட்டர்-கேபிள் படிப்படியாக மலிவு விலைக் குறியாக மாற்றப்பட்டது. பழைய பெயரை நம்பி வாங்கியவர்களுக்கு இது பேரிழப்பாகும்.

தரம் குறையும் முறை

பேரங்காடிக்கான கருவியில் பல வேளைகளில் விற்பனை விலையே முதலில் முடிவாகின்றது. வடிவமைப்பு அவ்விலைக்குள் அடங்க வேண்டும். குண்டு பேரிங்குக்குப் பதிலாக எளிய புஷ், உலோகப் பற்சக்கரப் பெட்டிக்குப் பதிலாக நெகிழி, குறைந்த கொள்ளளவுள்ள மின்கலம், குட்டையான மின்கம்பி ஆகியவை வழக்கமான சிக்கனங்கள். கடையில் கருவியைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு இவற்றுட் பல தெரியா. மாதம் பத்து நிமிடம் பயன்படுத்துபவருக்கும் குறை தோன்றாது. ஆனால் தொடர்ந்து இயக்கும்போது புஷ் விரைவில் தேய்ந்து, சுழலும் அச்சு ஆட்டம் காணும்; வெப்பமும் கூடும். நாட்கூலிக்கு உழைப்பவரின் கருவி வேலை நடுவே நின்றால் அன்றைய வருமானமும் நிற்கும்.

மாதிரி எண் பற்றிய ஐயம்

ஒரே மாதிரி எண்ணைக் கொண்ட கருவியையே உட்பகுதியை மட்டும் மலிவாக்கிப் பேரங்காடிகளுக்கு அனுப்புகின்றனர் என்ற நம்பிக்கை பரவலானது. இது எளிதில் ஏற்கத்தக்கதன்று. ஓர் எண்ணின் கீழ் இரு வகைப் பாகங்கள் இருந்தால் உதிரிப்பாக விநியோகமும் பழுதுபார்ப்பும் குழம்பிவிடும். மாறாக, குறிப்பிட்ட கடைக்கென்றே தனி எண்ணுடன் தயாரிக்கப்படும் கருவிகள் உண்மையில் உள்ளன. அவற்றில் மின்கலமோ பையோ மட்டும் வேறுபடலாம்; மோட்டாரே வேறாகவும் இருக்கலாம். பல தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு மாதிரிக்கும் பாகங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடத்தை வெளியிடுகின்றனர். இரு மாதிரிகளின் வரைபடங்களில் பேரிங், பற்சக்கரம், மோட்டார் ஆகியவற்றின் பாக எண்களை ஒப்பிட்டால் வேறுபாடு தெரிந்துவிடும்.