வீடு பெரிதா, இடம் பெரிதா?

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். நமக்கென்று ஒரு நல்ல வீடு வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. கூரை ஒழுகக் கூடாது. கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். வயதுக்கு வந்த பெண் குளிக்க ஒரு மறைவு வேண்டும். இது பேராசை இல்லை.

ஆனால் நல்ல வீடும் நல்ல இடமும் ஒன்றாகக் கிடைப்பது நகரத்தில் அரிது. ஊருக்கு நடுவே இருந்தால் வேலை பக்கம். வீடு சின்னது. ஊருக்கு வெளியே போனால் வீடு பெரிது. வேலை தூரம். கூலி வேலை செய்யும் குடும்பம் எதைத் தேர்ந்தெடுப்பது?

அகமதாபாத்தில் நடந்தது

குஜராத் மாநிலத்தில் அகமதாபாத் என்ற பெரிய நகரம் இருக்கிறது. அங்கே சேவா என்ற பெண்கள் சங்கம் இருக்கிறது. இலா பட் என்ற அம்மையார் 1972-ல் இதைத் தொடங்கினார். பீடி சுற்றும் பெண்கள், காய்கறி விற்கும் பெண்கள், துணி தைக்கும் பெண்கள் இதில் உறுப்பினர்கள்.

பீடி சுற்றும் பெண்கள் பலர் குடிசைப் பகுதியில் இருந்தார்கள். அவர்களுக்கு வீடு கொடுக்க 1987-ல் ஒரு திட்டம் வந்தது. 497 பெண்கள் சேர்ந்தார்கள். வீடுகளோ குறைவு. அதனால் குலுக்கல் போட்டார்கள். 110 பேருக்கு வீடு விழுந்தது. புதிய குடியிருப்பு நகரத்தின் நடுவிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

வீடு ஒதுக்கி 14 ஆண்டுகள் ஆன பிறகு ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பெண்களின் நிலையைக் கணக்கெடுத்தார்கள். வீடு விழுந்தவர்களையும் விழாதவர்களையும் ஒப்பிட்டார்கள். அந்த ஆராய்ச்சி 2017-ல் அச்சில் வந்தது.

அவர்கள் கண்டது என்ன? வீடு விழுந்தவர்களில் நூற்றுக்கு 34 பேர் அங்கே குடிபோகவே இல்லை. நூற்றுக்கு 32 பேர் குடிபோய், பிறகு வெளியேறிவிட்டார்கள். தங்கியவர்கள் மூன்றில் ஒரு பங்குதான்.

வீடு மோசமா? இல்லை. பழைய குடிசையைவிட நல்ல வீடு. ஆனால் வீடு விழுந்த குடும்பங்களின் வருமானம் மற்றவர்களைவிடக் கூடவில்லை. பிள்ளைகளின் நிலையும் மற்றவர்களின் பிள்ளைகளைவிட உயரவில்லை. உறவினர்களும் சொந்த சாதி சனங்களும் தூரமாகிவிட்டார்கள். அவசரத்துக்குக் கைமாற்று கேட்க ஆள் குறைந்துபோனது.

இதைப் படிக்கும்போது ஒன்று புரியும். ஏழைக் குடும்பத்துக்கு அக்கம்பக்கம்தான் வங்கி. அக்கம்பக்கம்தான் பால்வாடி. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பவள் பக்கத்து வீட்டுக்காரி. வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது இவர்களைக் கூட எடுத்துக்கொண்டு போக முடியாது.

காற்றும் இடத்தில்தான் இருக்கிறது

இன்னொரு செய்தி மும்பையிலிருந்து. அங்கே தான்சா என்ற குடிநீர்க் குழாய்ப் பாதை ஓரமாகப் பல குடும்பங்கள் குடியிருந்தன. குழாயைப் பாதுகாக்க அவர்களை எழுப்பிவிட்டார்கள். மாஹுல் என்ற இடத்தில் அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். ஒரு வீடு 225 சதுர அடி. காங்கிரீட் கட்டடம்.

ஆனால் மாஹுலைச் சுற்றி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயன ஆலைகளும் இருக்கின்றன. அங்கே காற்று கெட்டிருக்கிறது, மக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் 2017-ல் குடும்பங்களை அங்கே அனுப்பினார்கள்.

மக்கள் சும்மா இருக்கவில்லை. ஒன்றுசேர்ந்து போராடினார்கள். வழக்கு போட்டார்கள். 2019-ல் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. யாரையும் மாஹுலுக்குக் கட்டாயப்படுத்தி அனுப்பக் கூடாது என்றது. வேறு இடத்தில் வாடகைக்கு வீடு எடுக்க மாதம் 15,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது.

சுவர் கெட்டியாக இருக்கலாம். ஆனால் சன்னலைத் திறந்தால் உள்ளே வருவது அந்த இடத்துக் காற்றுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணவர் கட்டட வேலை. மனைவி மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். இப்போது வாடகை 4,000 ரூபாய். வேலைக்கு நடந்தே போகிறார்கள்.

15 கிலோமீட்டர் தள்ளி இரண்டு அறை வீடு வாடகைக்கு வருகிறது. வாடகை 2,500 ரூபாய். மாதம் 1,500 ரூபாய் மிச்சம். கேட்க நன்றாக இருக்கிறது.

போய்வர ஒருவருக்கு ஒரு நாளைக்கு 40 ரூபாய். இரண்டு பேருக்கு 80 ரூபாய். மாதம் 25 நாள் என்றால் 2,000 ரூபாய். மிச்சமான 1,500 போய், இன்னும் 500 ரூபாய் கையிலிருந்து போகிறது.

பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் மனைவி வீடு திரும்ப வேண்டும். அதனால் மாலையில் செய்யும் ஒரு வீட்டு வேலையை விட வேண்டும். அதில் 2,000 ரூபாய் நின்றுபோகும். ஆக, மாதம் 2,500 ரூபாய் நட்டம்.

சில மாநிலங்களில் அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கே கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் போய்வரும் நேரத்தை யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள்.

அப்படியானால் போகவே கூடாதா? அப்படி இல்லை. இருக்கும் இடத்தில் மழைக்கு மழை சாக்கடை வீட்டுக்குள் வரலாம். எப்போது இடிப்பார்களோ என்ற பயம் இருக்கலாம். கழிப்பறை இல்லாமல் பெண்கள் இருட்டும் வரை காத்திருக்கலாம். அதிலிருந்து தப்பிக்க மாதம் 2,500 ரூபாய் தகும் என்று ஒரு குடும்பம் நினைக்கலாம். அது அவர்கள் முடிவு. ஆனால் கணக்குத் தெரிந்து போவது வேறு. தெரியாமல் போய் மாட்டிக்கொள்வது வேறு.

போய்ப் பார்க்க வேண்டியவை

வீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. ஒரு முழு நாள் அந்த இடத்தில் இருந்து பாருங்கள். பெண்கள் கட்டாயம் போக வேண்டும். வீட்டில் அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள்தான்.

தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது? கோடையில் வருகிறதா? அங்கே குடியிருக்கும் பெண்களைக் கேளுங்கள்.

மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் எந்த அளவு நிற்கும்? பக்கத்துச் சுவரில் தண்ணீர்க் கறை எவ்வளவு உயரம் என்று பாருங்கள்.

முதல் பேருந்து எப்போது? கடைசிப் பேருந்து எப்போது? நிறுத்தத்திலிருந்து வீடு வரை விளக்கு எரிகிறதா?

பள்ளி எங்கே? தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்ட விதி. இந்தச் சட்டம் 2010-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. பள்ளி இல்லை என்றால் கேட்க உரிமை உண்டு.

ராத்திரியில் பிரசவ வலி வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது?

ரேஷனுக்குப் பயப்பட வேண்டாம். 2022-லிருந்து எல்லா மாநிலங்களிலும் ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்த கார்டு இருந்தால், அரிசி கோதுமையை வேறு ஊர்க் கடையிலும் வாங்கலாம்.

அரசு வீடு என்றால் ஒதுக்கீட்டு உத்தரவை வரி வரியாகப் படியுங்கள். எவ்வளவு பணம் கட்ட வேண்டும்? எத்தனை ஆண்டு? வாடகைக்கு விடலாமா, விற்கலாமா? பெண்ணின் பெயர் இருக்கிறதா? படித்து முடிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தனியாகச் செய்வது, சேர்ந்து செய்வது

ஒழுகும் கூரையை ஒரு குடும்பமே மாற்றிவிடலாம். இந்த ஆண்டு ஓடு, அடுத்த ஆண்டு தரை, அதற்கடுத்த ஆண்டு கழிப்பறை என்று கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். ஆனால் தூரத்தைக் குறைக்க ஒரு குடும்பத்தால் முடியாது. கெட்ட காற்றை மாற்ற முடியாது. பேருந்தைக் கொண்டுவர முடியாது. அதற்குத் தெருவே சேர வேண்டும். அதனால்தான் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் இடத்தைப் பார்க்க வேண்டும்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் தெருவில் அவசரத்துக்கு உதவுகிறவர்கள் யார் யார்? பெயர்களை எழுதுங்கள்.

2. உங்கள் வீட்டில் மாற்ற வேண்டியது என்ன? உங்கள் இடத்தில் மாற்ற வேண்டியது என்ன? தனித்தனியாக எழுதுங்கள்.

3. இரண்டாவது பட்டியலில் எதைப் பற்றி எல்லோரும் சேர்ந்து மனுக் கொடுக்கலாம்?