கூத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யணுமா? பைல் நாட்டிலிருந்து நூலகத்துக்கு ஒரு பாதை

கொல்லிமலையின் பைல் நாட்டில், திருவிழாக் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்த ஒரு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே வந்து முதுகலை சேர்ந்திருக்கிறார். ஆய்வேட்டுக்குத் தலைப்பு கேட்டபோது யோசிக்காமல் சொன்னது, 'எங்க மலைக் கூத்து'. பேராசிரியர் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "நல்ல தலைப்பும்மா. இதுக்கு முன்னாடி யார் என்ன எழுதியிருக்காங்க?"

அன்று ராத்திரியே செல்போனில் தேடல் ஆரம்பம். 'மலையாளி நாடகம்' என்று அடித்தால் திருச்சூரும் கோழிக்கோடும் வந்து விழுகின்றன. கொல்லிமலைப் பழங்குடிகளான மலையாளி மக்களுக்கும் கேரளத்து மலையாளிகளுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. ஆனால், தேடுபொறிக்கு அது தெரியாது. 'கொல்லிமலை கூத்து' என்று மாற்றினால் ஆகாய கங்கை அருவியும் ரிசார்ட் விளம்பரமும்தான். பத்து நிமிடத்தில் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்: 'இதைப் பத்தி யாருமே எழுதலை.'

நாடக ஆராய்ச்சிக்குள் புதிதாக நுழைகிற பலரும் சறுக்குகிற இடம் இது. எழுதப்படாதது நிறைய இருக்கிறது என்பது உண்மை. ஆனால், எது எழுதப்படவில்லை என்று உறுதியாகச் சொல்வதற்கே நூலகத்தில் சில வாரம் உட்கார வேண்டும்.

பெயர் மாறினால் கதவு திறக்கும்

நூலகத்தில் முதலில் வேண்டியது புத்தகமல்ல, சொற்களின் பட்டியல். தெருக்கூத்து, கட்டைக்கூத்து, நாட்டுக்கூத்து, நாடகம், பாகவதம் என ஒரே கலைக்கும் அதன் உறவுக்கலைகளுக்கும் ஊருக்கொரு பெயர். ஆங்கிலத்தில் தேடினால் இன்னும் சிக்கல். 'தெரு' என்பதன் முதல் எழுத்தை வெறும் 'டி' என்று போடுவாரும் உண்டு, 'டிஎச்' போடுவாரும் உண்டு. கூத்துக்கு ஒருவர் 'யூ' போடுவார், இன்னொருவர் இரட்டை 'ஓ' போடுவார். ஒரு எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு 'இல்லை' என்று மூடினால், பாதிப் புத்தகங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

ஊர்ப்பெயரிலும் இதே கதை. பிரிட்டிஷ் காலப் பதிவுகளில் கொல்லிமலை பல இடங்களில் 'கொல்லைமலை' என்றே இருக்கிறது. மாவட்டமும் மாறியிருக்கிறது. நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 1997 ஜனவரியில்தான். அதற்கு முந்தைய எதைத் தேடினாலும் 'சேலம்' என்று தேட வேண்டும். அதோடும் முடியவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சில ஆண்டுகள் நாமக்கல் தாலுகா திருச்சி மாவட்டத்தோடு இருந்தது. ஆகவே திருச்சி ஆவணங்களையும் புரட்ட வேண்டும். இன்றைய முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு நேற்றைய ஊரைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரே கூத்து, நாலு அலமாரி

பெரும்பாலான நூலகங்கள் பின்பற்றும் டூயி முறையில் நாடக நிகழ்த்துகலைக்கு 792 என்ற எண் உண்டு. அந்த அலமாரிக்குப் போனால் வேலை முடிந்தது என்று நினைத்தால், கால்வாசிதான் முடிந்திருக்கும். அச்சான நாடகப் பிரதி தமிழ் இலக்கியத்தோடு 894.811 வரிசையில் போய்விடும். அதே கதையை நாட்டார் வழக்காறாகப் பார்த்தவரின் புத்தகம் 398-ல் இருக்கும். கூத்தாடும் சமூகத்தைப் பற்றிய மானிடவியல் நூல் சமூக அறிவியல் பக்கம், 300-களில். மேடையில் ஒன்றாக நின்ற பாட்டும் ஆட்டமும் சாமியும் சாதியும் நூலகத்துக்குள் வந்ததும் தனித்தனி அறைக்குப் பிரிந்துவிடுகின்றன.

இதற்குச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. சரியான புத்தகம் ஒன்று கிடைத்ததும் அதை உடனே படிக்க உட்காராமல், கடைசிப் பக்கங்களுக்குப் போய் அதன் ஆசிரியர் யார் யாரைப் படித்திருக்கிறார் என்று பாருங்கள். பிறகு அந்தப் புத்தகம் இருந்த இடத்தின் இடமும் வலமும் பாருங்கள். இந்த 'பக்கத்து வீட்டு' முறையில் கிடைப்பது பல நேரம் கணினித் தேடலில் கிடைக்காது. இன்னொன்று, நூலகரிடம் 'நாடகம் பத்தி புக் இருக்கா?' என்று கேட்காதீர்கள். 'சேலம் பக்கத்துக் கூத்து, 1950-க்கு முன்னாடி, பாட்டுப் புத்தகமோ நோட்டீஸோ' என்று கேளுங்கள். கேள்வி குறுகக் குறுக அவர் எழுந்து உள்ளே போவதற்கான வாய்ப்பு கூடும்.

மேசை மேல் இரண்டு புத்தகம், நடுவில் ஒரு பொறி

சரி, அந்த மாணவி தேடிப் பிடித்து முதல் வாரத்தில் என்னென்ன எடுப்பார்?

கூத்தைப் பற்றிய ஆய்வுலகில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் சில. ரிச்சர்ட் ஃப்ராஸ்கா 1990-ல் தெருக்கூத்தைப் பற்றி எழுதிய 'தி தியேட்டர் ஆஃப் தி மகாபாரதா'. திரௌபதி வழிபாட்டைப் பற்றி ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-லும் 1991-லும் வெளியிட்ட இரண்டு தொகுதிகள். காஞ்சிபுரம் பகுதியில் கலைஞர் பெ.ராஜகோபாலோடு இணைந்து கட்டைக்கூத்துச் சங்கத்தை உருவாக்கிய ஹன்னே டி புருயின் 1999-ல் எழுதிய 'கட்டைக்கூத்து' நூல். மூன்றும் கனமான உழைப்பு. மூன்றையும் படிக்காமல் நகர முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் களமாகக் கொண்டது பெரும்பாலும் செஞ்சி, ஆற்காடு, காஞ்சிபுரம் என்ற வடக்குப் பகுதி. சேலம், நாமக்கல் பக்கத்துக் கூத்துக்கு இவ்வளவு பெரிய புத்தக வரிசை கிடையாது. சேலம் மாவட்டம் ஏர்வாடியிலிருந்து மு.ஹரிகிருஷ்ணன் நடத்திய 'மணல்வீடு' சிற்றிதழ், அவரது களரி அமைப்பு என்று உள்ளூரிலிருந்து வந்த முயற்சிகளைத்தான் முதலில் தேட வேண்டியிருக்கும். பெரிய நூலகத்தின் அட்டவணையில் சிற்றிதழின் பெயர் மட்டும் இருக்கும். எந்த இதழில் என்ன கட்டுரை என்பது இருக்காது. இதழ் இதழாகப் புரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. வெளி ரங்கராஜன் நடத்திய 'நாடகவெளி'க்கும் இதே விதிதான்.

இப்போது பொறி. மாணவி எட்கர் தர்ஸ்டனின் 1909-ஆம் ஆண்டுத் தொகுதிகளை எடுக்கிறார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அந்த ஏழு தொகுதிகளில் மலையாளி மக்களுக்கும் ஒரு பகுதி உண்டு. அங்கே ஒரு வழிவழிக் கதை பதிவாகியிருக்கிறது: இவர்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள், மலைகளில் பிரிந்து குடியேறினார்கள் என்பது. மேசையின் மறுபக்கம் கட்டைக்கூத்துப் புத்தகம் திறந்திருக்கிறது. அதிலும் காஞ்சிபுரம்!

எந்த ஆராய்ச்சி மாணவருக்கும் புல்லரிக்கும் இடம் இது. 'எங்க முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தாங்க, கூத்தும் அவங்களோடதான் மலையேறிச்சு.' ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் தானாகவே எழுதிக்கொண்டுவிடும்.

எழுதக் கூடாது. ஏனென்றால், இரண்டு புத்தகத்தில் ஒரே ஊர்ப்பெயர் இருப்பது ஆதாரம் ஆகாது. வந்தேறிய கதை என்பது மக்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. அதற்கென்று ஒரு மதிப்பு உண்டு, ஆனால் அது கலையின் பயணச்சீட்டு அல்ல. தர்ஸ்டன் காலனிய அரசின் அருங்காட்சியகக் கண்காணிப்பாளர். அவர் எல்லாவற்றையும் நேரில் கேட்டு எழுதியவர் அல்லர், முன்பு வந்த மாவட்டக் கையேடுகளிலிருந்தும் எடுத்துத் தொகுத்தவர். ஆகவே அவருடைய பத்தியைப் பார்த்ததும் அடுத்து கேட்க வேண்டியது, 'இது இவருக்கு யார் சொன்னது?'. அந்தக் கேள்வி 1883-ல் வந்த லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு போன்ற பழைய நூல்களுக்குக் கொண்டுபோகும். ஒரே தகவல் மூன்று புத்தகத்தில் இருந்தால் மூன்று சாட்சி என்று மகிழ்ந்துவிட வேண்டாம். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தால் அது ஒரே சாட்சிதான்.

கூத்து மலைக்கு எப்படி வந்தது என்பதற்கு வேறு வாய்ப்புகளும் இருக்கின்றன. அடிவாரத்திலிருந்து ஜமாக்கள் திருவிழாவுக்கு ஏறி வந்திருக்கலாம். மலைக்காரர்கள் கீழே போய் வாத்தியாரிடம் கற்று வந்திருக்கலாம். நூறு வருடமா, ஐம்பது வருடமா என்பதும் கேள்விதான். இந்தக் கேள்விகளுக்கு நூலகம் விடை தராமல் போகலாம். கேள்விகளைக் கூர்மையாக்கித் தரும். எந்தக் கதைகள் ஆடப்படுகின்றன, எந்த வேடத்துக்கு என்ன அணி, யாருக்கு ஆடும் உரிமை, எந்தச் சாமிக்கு எந்த நாளில் என்று வடக்குப் பகுதி பற்றி எழுதப்பட்டதைப் படித்தவருக்குத்தான், தன் ஊரில் எது மாறுகிறது என்று கண்ணில் படும்.

படிக்காமல் போனால் நஷ்டம் இன்னொரு விதம். புத்தகத்தில் இருப்பதுதான் 'சரியான' கூத்து, நம்ம ஊரில் ஆடுவது அதன் குறைப்பதிப்பு என்று ஆய்வேடு எழுதப்பட்டுவிடும். அடுத்து வருபவர் அதையே மேற்கோள் காட்டுவார். ஓர் ஊரின் கலை இப்படித்தான் எழுத்தில் சிறுத்துப் போகும்.

நோட்டீஸும் பதிவேடும்

நாடகத்தைப் பற்றிய நல்ல ஆதாரம் பல நேரம் புத்தகமாகவே இருக்காது. சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய நாடக நோட்டீஸ்களும் பாட்டுப் புத்தகங்களும் பாதுகாக்கப்படுகின்றன. கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் தன் வாழ்நாளில் சேர்த்த சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டு 1994-ல் உருவான நூலகம் அது. மற்றவர்கள் பொட்டலம் மடிக்கப் போட்டதையெல்லாம் அந்த மனிதர் எடுத்துவைத்தார். ஒரு நோட்டீஸில் என்ன இருக்கப்போகிறது என்று தோன்றும். தேதி, ஊர், கம்பெனி பெயர், டிக்கெட் விலை, யார் ராஜபார்ட், பெண்களுக்குத் தனி இடம் உண்டா இல்லையா - நாடக வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லாமல் விட்டதெல்லாம் அந்த ஒற்றைத் தாளில் இருக்கும்.

அடுத்தது சட்டத்தின் வழி. 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின் கீழ் சென்னை மாகாணத்தில் அச்சான புத்தகங்கள் பதிவு செய்யப்பட்டு, காலாண்டுப் பட்டியல்களாக வெளிவந்தன. புத்தகமே அழிந்துபோயிருந்தாலும், அப்படி ஒரு நாடகம் அச்சானது என்பதற்கு அந்தப் பட்டியல் சாட்சி. நாடகங்களைக் கண்காணிக்க 1876-ல் ஒரு சட்டம், 1954-ல் சென்னை மாகாணத்துக்குத் தனியாக ஒரு சட்டம். பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில்தான் 2013-ல் இந்த இரண்டாவது சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கலைஞர்களுக்குத் தொல்லையாக இருந்த அனுமதி நடைமுறை, ஆராய்ச்சியாளருக்குக் காகிதத் தடத்தை விட்டுச் சென்றிருக்கிறது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகக் காரணம் இதுதான்.

மேடையில் நின்றவர்களே எழுதியவையும் உண்டு. பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடகமேடை நினைவுகள்', தி.க.சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' இரண்டும் படிக்கச் சுகமானவை. இரண்டுமே கூத்தைப் பற்றியவை அல்ல, சபா நாடகத்தையும் கம்பெனி நாடகத்தையும் பற்றியவை. ஆனால், அந்த மேடைக்காரர்களின் கண்ணில் கூத்து எங்கே நின்றது என்பதை அறிய இவற்றைப் படிக்கலாம். அவர்கள் எதைப் பற்றிப் பேசாமல் கடந்துபோகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மலையை விட்டு இறங்காமலே

எல்லாவற்றுக்கும் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. தர்ஸ்டன் தொகுதிகள் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் இலவசம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் உள்ளன. பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு 'ஷோத்கங்கா'. அங்கே ஒருவர் ஏற்கெனவே நாமக்கல் கூத்தைப் பற்றி எழுதியிருந்தால், பேராசிரியர் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் கண்டுபிடிப்பது நல்லது. ஈழத்துக் கூத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் 'நூலகம்' தளம். மட்டக்களப்புக் கூத்தைப் பற்றிய சி.மௌனகுருவின் எழுத்துகளைத் தேட அதுவே நல்ல தொடக்கம்.

சிக்னல் வரும் இடத்தில் நின்று பிடிஎஃப் இறக்கிக்கொண்டால் போதும் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால், ஸ்கேன் செய்யப்பட்ட பழைய தமிழ் நூல்களில் பலவற்றில் சொல் தேடல் வேலை செய்யாது. பக்கம் பக்கமாகத்தான் பார்க்க வேண்டும்.

நேரில் போக வேண்டியவற்றுக்கு நாமக்கல் மாவட்ட மைய நூலகத்தில் தொடங்கலாம். சொத்து வரியோடு 10 சதவீதம் நூலக வரியாகக் கட்டுகிறோம், அதனால் கூச்சப்படத் தேவையில்லை. சென்னை போவதாக இருந்தால் கன்னிமாரா நூலகத்தின் பட்டியலை முன்கூட்டியே பார்த்து, நூற்பெயர், ஆண்டு, அடுக்கு எண்ணோடு போக வேண்டும். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. கையில் பட்டியல் இல்லாமல் உள்ளே போனால் ஒரு நாள் முழுக்க அலமாரியைப் பார்த்துவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

எதைப் பார்த்தாலும் தலைப்புப் பக்கத்தை முதலில் படம் எடுங்கள் (நூலகம் அனுமதித்தால்). பக்க எண் இல்லாத குறிப்பு ஆறு மாதம் கழித்து உங்களுக்கே பயன்படாது.

பிறகு மீண்டும் பைல் நாடு. கூத்து வாத்தியார்கள் பலரிடம் கையெழுத்து நோட்டு இருக்கும். அச்சில் இல்லாத பாட்டு அதில் இருக்கலாம், அச்சுப் புத்தகத்தைப் பார்த்து எழுதியதாகவும் இருக்கலாம். நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டியவருக்கு அந்த வித்தியாசம் தெரியும். நோட்டைப் படம் எடுக்கும் முன் அவரிடம் கேளுங்கள், எதற்காக என்பதையும் சொல்லுங்கள். "இது யார்கிட்ட இருந்து உங்களுக்கு வந்துச்சுங்க ஐயா?" என்ற கேள்விக்கு அவர் சொல்லும் பெயரை, தேதி போட்டு, முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.