வாஸர்குப்பே: இயந்திரம் இல்லாமல் பறக்கக் கற்ற குன்று

எட்டாம் வகுப்பில் வெப்பச்சலனம் நடத்திக்கொண்டிருந்தேன். சன்னல் ஓரத்தில் இருந்த மாணவன் பலகையைப் பார்க்கவில்லை. மைதானத்துக்கு மேலே வட்டமடித்த பருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதட்டலாம் என்று அருகில் போனபோது அவனே கேட்டான்: "சார், அது இறக்கையே அடிக்கல. அப்புறம் எப்படி மேல மேல போகுது?"

சூடான காற்று மேலே எழும் என்று ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் பலகையில் எழுதியிருந்தேன். அந்த வரிக்கும் அந்தப் பருந்துக்கும் உள்ள உறவு எனக்கே அப்போதுதான் உறைத்தது. அன்று மாலை இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கி, ஜெர்மனியில் உள்ள ஒரு குன்றில் போய் நின்றேன். பொழுதுபோக்காகப் பறக்க வந்தவர்கள் பருந்தின் அந்த வித்தையைப் பல ஆண்டுகள் முயன்று கற்றுக்கொண்ட இடம் அது.

ஹெஸ்ஸன் மாநிலத்தில் ரோன் மலைத்தொடரில் இருக்கிறது வாஸர்குப்பே. உயரம் 950 மீட்டர். நம் ஏற்காட்டைவிடத் தாழ்வுதான். ஃபுல்டா ஆறு இங்கே பிறக்கிறது. உச்சியில் மரம் குறைவு, புல்வெளிச் சரிவுகள் அதிகம். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதற்கு முகம் கொடுக்க ஒரு சரிவு உண்டு. பறக்க நினைத்தவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்தக் குன்றை முதலில் கண்டுகொண்டவர்கள் டார்ம்ஸ்டாட் நகரத்து இளைஞர்கள். பள்ளி நாட்களிலேயே பறத்தலில் ஆர்வம் கொண்டு சங்கம் அமைத்தவர்கள். தாங்களே செய்த கிளைடர்களுடன் 1911ஆம் ஆண்டு முதல் இங்கே வந்தார்கள். அவர்களுள் ஹான்ஸ் குடர்முத் 1912இல் 838 மீட்டர் தூரம், ஏறத்தாழ இரண்டு நிமிடம் பறந்தார். பிறகு முதல் உலகப்போர் வந்தது. குழுவில் சிலர் திரும்பவில்லை.

போரில் தோற்ற ஜெர்மனி விமானப்படை வைத்துக்கொள்ளக் கூடாது என்றது வெர்சாய் உடன்படிக்கை. இயந்திர விமானங்கள் கட்டுவதற்கும் கடுமையான தடைகள் வந்தன. இயந்திரமே இல்லாத கிளைடரைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 'ஃப்ளூக்ஸ்போர்ட்' என்ற பறத்தல் இதழின் ஆசிரியர் ஆஸ்கர் உர்சினுஸ் இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டார். 1920 கோடையில் வாஸர்குப்பேயில் கிளைடர் போட்டி என்று அழைப்பு விடுத்தார். பொறியியல் மாணவர்களும் போரில் பறந்த விமானிகளும் மரச்சட்டம், துணி, கம்பிகளால் ஆன ஊர்திகளுடன் குன்றேறினார்கள்.

முதல் ஆண்டிலேயே ஒரு சாவு. ஆய்கன் ஃபான் லோஸ்ல் என்ற விமானி கீழே விழுந்து இறந்தார். கூட்டம் மனம் தளர்ந்திருந்த நிலையில் ஆகன் நகரிலிருந்து வுல்ஃப்காங் கிளெம்பரர் 'கருப்புப் பிசாசு' என்று பெயரிட்ட ஊர்தியோடு வந்தார். 2 நிமிடம் 22 விநாடியில் 1,830 மீட்டர் பறந்து காட்டினார். அதன்பின் போட்டி ஆண்டுதோறும் தொடர்ந்தது.

கிளைடரைக் கிளப்பிய முறையை வகுப்பில் சொன்னால் மாணவர்களுக்குக் கொண்டாட்டம். கிளைடரின் மூக்கில் ஒரு ரப்பர் கயிற்றின் நடுப்பகுதியை மாட்டுவார்கள். இரு முனைகளையும் இரண்டு குழுக்கள் பிடித்துக்கொள்ளும். வால் பக்கத்தைச் சிலர் இறுகப் பிடித்திருப்பார்கள். "இழு! ஓடு! விடு!" என்று வரிசையாக ஆணை வரும். இரு குழுவும் சரிவில் விரிந்து ஓட, கயிறு இழுபட, வாலைப் பிடித்தவர்கள் கையை விட்டதும் கிளைடர் சீறிக் கிளம்பும். நம் பிள்ளைகளின் உண்டிவில்லேதான், கல்லுக்குப் பதில் ஆள்! மீட்சி ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கிளம்பியபின்? கிளைடர் எப்போதும் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் அந்தக் காற்றே மேலே ஏறிக்கொண்டிருந்தால், கிளைடரும் அதோடு சேர்ந்து ஏறும். கீழே போகும் நகரும் படிக்கட்டில் நின்றால் இறங்குவோம். மேலே போகும் படிக்கட்டில் மெதுவாகக் கீழ்நோக்கி நடந்தாலும் மேலேதான் போவோம். சரிவில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்புவது அப்படி ஒரு படிக்கட்டு. அதில் ஏறி நின்றவர்கள் ஹனோவர் மாணவர்கள். அவர்களது 'வாம்பயர்' கிளைடரில் 1922 ஆகஸ்டில் ஆர்தர் மார்ட்டன்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்தார். சில நாட்களுக்குள் அதே கிளைடரில் ஹென்ட்ஸன் மூன்று மணி நேரத்தைத் தாண்டினார். இரண்டே ஆண்டுகளில் நிமிடக் கணக்கு மணிக் கணக்காகிவிட்டது. வாம்பயர் இன்று மியூனிக்கில் உள்ள டாய்ச்சஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் இனத்தைச் சேர்ந்த ஒருவரை இங்கே சொல்லாமல் போக முடியாது. இனம் என்றால் ஆசிரியர் இனம். ஃபெர்டினாண்ட் ஷுல்ட்ஸ், கிழக்குப் பிரஷ்யாவில் ஒரு கிராமப் பள்ளி ஆசிரியர். பொறியியல் கல்லூரியின் பட்டறையோ பணமோ அவரிடம் இல்லை. கையில் கிடைத்ததைக் கொண்டு கிளைடர் கட்டினார். இறக்கை முனைகளை இயக்கும் பிடிகளுக்குத் துடைப்பக் கம்புகளைப் போட்டார். 'துடைப்பக் கம்புப் பெட்டி' என்பதே அதற்குப் பெயராயிற்று. வாஸர்குப்பே போட்டியின் தொழில்நுட்பக் குழு அதைப் பார்த்துவிட்டு, பறக்கத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டது. குழுவைக் குறை சொல்ல மாட்டேன். உயிர்போவதை அவர்கள் பார்த்தவர்கள். ஷுல்ட்ஸ் அதோடு நிறுத்தவில்லை. 1924 மே 11 அன்று, பால்டிக் கடலோரம் ரோசிட்டன் மணற்குன்றுகளுக்கு மேலே, அதே பெட்டியில் 8 மணி 42 நிமிடம் பறந்து உலகச் சாதனை படைத்தார். 1929இல் ஓர் இயந்திர விமான விபத்தில் இறந்துபோனார்.

சரி, பருந்து? சரிவுக் காற்றை நம்பியவரை குன்றை விட்டு விலக முடியவில்லை. 1926இல் மாக்ஸ் கேகல் என்பவரை ஓர் இடிமேகம் உள்ளே இழுத்துக்கொண்டது. பயந்துபோய் 55 கிலோமீட்டர் தள்ளி இறங்கினார். மேகத்துக்குள் அவ்வளவு வலுவாக மேலேறும் காற்று இருக்கிறது என்பதை அந்த விபரீதம் காட்டியது. குன்றில் ஆய்வு நடத்திய வானிலை அறிஞர் வால்டர் கெயோர்கி, திரள் மேகங்களுக்கு அடியிலும் ஏறுகாற்று இருக்கும் என்றார். 1928இல் ராபர்ட் குரோன்ஃபெல்ட் மேகத்தின் அடியில் ஏறி, வேறொரு குன்றுக்குப் போய்த் திரும்பி வந்தார். வெயிலில் சூடான தரை தன் மேலிருக்கும் காற்றைச் சூடாக்க, அது தூணாக எழுகிறது. அந்தத் தூணை விட்டு வெளியேறாமல் இருக்கத்தான் பருந்து வட்டமடிக்கிறது. என் மாணவனுக்கு விடை இதுதான்.

இதற்கு மேல் கதை இனிக்காது. குரோன்ஃபெல்ட் யூத வம்சத்தவர். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. பிரிட்டனில் குடியேறி, 1948இல் அங்கே ஒரு சோதனைப் பறப்பில் உயிரிழந்தார். சுதந்திரமாக இருந்த கிளைடர் சங்கங்களை அரசு தன் அமைப்புக்குள் இழுத்துக்கொண்டது. ரப்பர் கயிற்றை இழுத்து ஓடிய சிறுவர்கள் சீருடை அணிந்தார்கள்; விளையாட்டாகக் கற்றது போர் விமானத்துக்கான முன்பயிற்சியானது. 1940 மே மாதம் பெல்ஜியத்தின் எபன் எமேல் கோட்டையைப் பிடித்த வீரர்கள் கிளைடர்களில்தான் சத்தமில்லாமல் இறங்கினார்கள். ஒரு பிள்ளையின் ஆர்வத்தை யார், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்வி இதைப் படித்ததிலிருந்து என்னை விடவில்லை.

1945க்குப் பிறகு ஜெர்மனியில் கிளைடர் பறப்பதே தடை. குன்றின் உச்சியில் அமெரிக்க ராணுவத்தின் ரேடார்கள் எழுந்தன. தடை 1951இல் நீங்கியது. ரேடாரை மூடியிருந்த வெள்ளைக் கோளக் கூடு ஒன்று இன்றும் நிற்கிறது. கிளைடர் பள்ளி மீண்டும் நடக்கிறது, அருகே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. அடிவாரத்து ஊரான பாப்பன்ஹவுசனில் போட்டிப் பரிசுப் பணத்தை முதலாக வைத்து 1927இல் அலெக்ஸாண்டர் ஷ்லைஹர் தொடங்கிய பட்டறை, இப்போதும் கிளைடர் செய்கிறது. அவர்களது ஏஎஸ்கே 21 என்ற பயிற்சிக் கிளைடர், அசைவற்ற காற்றில் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் சுமார் 34 மீட்டர் முன்னே போகும்.

வகுப்பில் நான் செய்தது எளிய வேலை. காகிதத்தைச் சுருளாக வெட்டி, நூலில் கட்டி, எரியும் மெழுகுவர்த்திக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்தோம். சுருள் சுற்றத் தொடங்கியது. (கையை இன்னும் தாழ்த்தினால் காகிதம் பற்றிக்கொள்ளும், சுருளை ஆசிரியரே பிடிப்பது நல்லது.) "அப்போ வெயில் வராதப்ப பருந்து என்ன சார் பண்ணும்?" என்றான் அதே மாணவன். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டேன். இப்போது வகுப்பில் ஒரு நோட்டு சுற்றுகிறது. நாள், வெயில் அல்லது மேகமூட்டம், முதல் பருந்து வட்டமடித்த நேரம் என்று மூன்று கட்டங்கள். காலை வழிபாட்டு நேரத்தில் இதுவரை ஒரு பதிவும் இல்லை. பெரும்பாலானவை மூன்றாம் பாடவேளையில்தான்.