மாணவரும் மறைவுச் சங்கங்களும்

வீட்டை விட்டு நெடுந்தொலைவு வந்து படிக்கும் மாணவனுக்கு முதலில் வேண்டுவது நூலன்று, துணை. மொழி புதிது, உணவு புதிது, விடுதி புதிது. இந்நிலையில் தன்னைப் பெயர் சொல்லி அழைக்க நாலு பேர் கிடைத்தால் போதும் என்று அவன் மனம் ஏங்குகிறது. அந்த ஏக்கத்திலிருந்துதான் மாணவர் சங்கங்கள் பிறக்கின்றன. நம் தமிழ் மன்றமும் அவ்வாறு பிறந்ததே. ஆனால், அதே ஏக்கத்தைப் பற்றிக்கொண்டு வளரும் வேறொரு வகைச் சங்கமும் உலகில் உண்டு. அதில் யார் யார் உறுப்பினர் என்பது வெளியே தெரியாது. அது எங்கே கூடுகிறது என்பதும் தெரியாது. அதில் சேர்ந்தவர் எளிதில் விலகவும் முடியாது. இத்தகைய மறைவுச் சங்கங்கள் நைஜீரிய நாட்டின் கல்விக்கூடங்களை எப்படி அலைக்கழித்தன என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இச்செய்தி எனக்கு இலக்கியத்தின் வழியாக வந்து சேர்ந்தது. ஆப்பிரிக்க நாடகம் எங்கள் துறையில் ஒரு பாடம். அதற்காக வோலே சோயிங்காவைப் படித்தபோது, அவர் வாழ்க்கை வரலாற்றையும் படித்தேன். 1986-இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற பேரறிஞர் அவர். அநீதியை எதிர்த்துச் சிறை சென்றவர். அத்தகையவர், மாணவர் மறைவுச் சங்கங்களின் வரலாற்றில் முதற்பக்கத்தில் நிற்கிறார் என்று கண்டபோது எனக்கு வியப்பு உண்டாயிற்று. நல்லோர் தொடங்கிய ஒன்று இவ்வளவு தீயதாக எவ்வாறு மாறியது? இதுவே என்னை மேலும் படிக்கத் தூண்டிய கேள்வி.

தொடக்கம்

1948-இல் ஆங்கிலேயர் ஆட்சியில் இபாதான் நகரில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. இலண்டன் பல்கலைக்கழகத்தின் சார்பில் அது நடந்தது. அங்கே பயின்றவர் பலர் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். ஆங்கிலேயரைப் போல உடுப்பதையும் பேசுவதையுமே உயர்வென எண்ணியவர்கள். மாணவர்கள் இனவாரியாகவும் பிரிந்து நின்றார்கள். இந்தப் போலித்தனத்தையும் பிரிவினையையும் எள்ளி நகையாட 1952-இல் ஏழு மாணவர்கள் ஒன்று கூடினர். அவருள் ஒருவர் சோயிங்கா. கடற்கொள்ளையர் வேடம் பூண்டு, 'பைரேட்ஸ்' என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டனர். இன வேறுபாடு பாராமல் எவரும் சேரலாம் என்றனர். இளமைக்கே உரிய குறும்பும் கொள்கைப்பற்றும் அதில் கலந்திருந்தன. குருதி சிந்தும் எண்ணம் அங்கே இல்லை.

ஆண்டுகள் சென்றன. பல்கலைக்கழகங்கள் பெருகின. பழைய சங்கத்தில் பிளவு ஏற்பட்டு, 1972-இல் 'பக்கனீர்ஸ்' என்னும் புதிய சங்கம் தோன்றியது. 1977-இல் பெனின் பல்கலைக்கழகத்தில் கறுப்பின விடுதலையை முழக்கமாகக் கொண்டு ஓர் இயக்கம் எழுந்தது. 'பிளாக் ஆக்ஸ்', அதாவது கறுப்புக் கோடரி என்று பின்னாளில் அஞ்சப்பட்ட கூட்டத்தின் வேர் அந்த இயக்கத்தில் இருப்பதாகவே பலரும் எழுதுகின்றனர். சங்கங்கள் பல ஆனபோது போட்டி வந்தது. போட்டி பகையாயிற்று. பகைக்கு ஆயுதம் துணையாயிற்று. நிலைமை கைமீறுவதைக் கண்ட பைரேட்ஸ் சங்கத்தார் 1984-இல் கல்விக்கூடங்களை விட்டே விலகினர். ஆனால் அவர்கள் காட்டிய வழியில் வந்த மற்றவர்கள் விலகவில்லை.

நாடு அப்போது படைத்தளபதிகளின் ஆட்சியில் இருந்தது. அவ்வாட்சியை எதிர்த்துக் குரல் கொடுத்தவை மாணவர் பேரவைகள். அவற்றை அடக்க, இந்த மறைவுக் கூட்டங்களை அதிகாரத்தில் இருந்தோர் சிலர் பயன்படுத்திக்கொண்டனர் என்பது அந்நாட்டு ஆசிரியரும் மாணவரும் நெடுங்காலமாகக் கூறிவரும் குற்றச்சாட்டு. பின்னர் அரசியல்வாதிகள் தேர்தற்கால அடியாட்களாகவும் இவர்களைக் கொண்டனர்.

சிக்க வைக்கும் முறை

இச்சங்கங்கள் ஆள் பிடிக்கும் முறையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். முதலில் அவர்கள் தேடுவது தனித்து நிற்பவனை. அல்லது பிறரால் அடிபட்டவனை. அவனிடம் அன்பாகப் பேசுவர். விருந்துக்கு அழைப்பர். "உன்னை இனி யாரும் தொட மாட்டார்கள்" என்பர். பிறகு ஓர் இரவு அழைத்துச் சென்று, கண்ணைக் கட்டி, கடுமையாக அடிப்பர். அதைத் தாங்கியவனுக்கு ஆணை செய்விப்பர். அதன்பின் ஏதேனும் ஒரு குற்றத்தைச் செய்யச் சொல்வர்.

இந்தக் கடைசிப் படியே மிகக் கொடியது. அடிபட்டவன் மறுநாள் போய் முறையிடலாம். குற்றம் செய்தவன் யாரிடம் முறையிடுவான்? வெளியே சொன்னால் தானும் சிறை செல்ல வேண்டும். ஆக, பாதுகாப்புத் தேடிச் சென்றவனுக்கு முன்னிலும் பகைவர் மிகுகின்றனர். நண்பரோ அவனுக்குக் காவலர் ஆகிவிடுகின்றனர். பெண்களுக்கும் இவ்வாறான குழுக்கள் ஏற்பட்டன. காலப்போக்கில் இந்நோய் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் இறங்கிற்று. மீசை அரும்பாத சிறுவரும் இன்று அதில் சிக்குகின்றனர்.

இதன் விளைவை உலகுக்கு உணர்த்திய நாள் 1999 சூலை 10. இலே-இஃபே நகரிலுள்ள ஒபாஃபெமி அவோலோவோ பல்கலைக்கழக விடுதிகளுக்குள் அன்று விடியுமுன் ஒரு கூட்டம் புகுந்தது. துப்பாக்கியும் கோடரியும் கொண்டு தாக்கியது. மாணவர் பேரவைச் செயலாளர் உள்ளிட்டுக் குறைந்தது ஐந்து மாணவர்கள் மாண்டனர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், மறைவுச் சங்கத்தார் சிலரை மாணவர்களே ஆயுதங்களுடன் பிடித்துக் காவல்துறையிடம் ஒப்படைத்திருந்தனர். பிடிபட்டவர்களோ விடுதலை பெற்று வெளியே வந்துவிட்டனர்! வெளிச்சத்தில் இயங்கிய பேரவைக்கும் இருளில் இயங்கிய கூட்டத்துக்கும் நடந்த போராகவே இதை நான் காண்கிறேன்.

சட்டம் போதுமா?

சட்டம் இல்லாமல் இல்லை. நைஜீரியாவின் 1999-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, சங்கம் சேரும் உரிமையை வழங்குகிறது. அதே அரசியலமைப்பின் 38-ஆம் பிரிவு, இரகசியச் சங்கத்தில் சேர எவருக்கும் உரிமையில்லை என்கிறது. லாகோஸ் மாநிலம் 2021-இல் இயற்றிய சட்டம் 21 ஆண்டுச் சிறைத்தண்டனை வரை விதிக்கிறது. எனினும் தீமை ஒழிந்தபாடில்லை. கல்விக்கூடத்தில் முளைத்தது கடல் கடந்தும் படர்ந்துவிட்டது. 2022 செப்டம்பரில் பன்னாட்டுக் காவல் அமைப்பான இன்டர்போல், இணைய மோசடிகளுக்காக பிளாக் ஆக்ஸ் கும்பலைக் குறிவைத்து 14 நாடுகளில் நடவடிக்கை எடுத்தது. 75 பேர் கைதாயினர்.

எங்கள் விடுதியில் நைஜீரிய நண்பர் ஒருவர் இருக்கிறார். இளங்கலையைத் தம் நாட்டில் முடித்து, முதுகலைக்காக இங்கே வந்தவர். "நான் எந்த மறைவுச் சங்கத்திலும் உறுப்பினன் அல்லேன், சேரவும் மாட்டேன்" என்று சேர்க்கையின்போது உறுதிமொழி அளித்த பின்னரே அங்கே தம்மைப் பதிந்துகொண்டார்களாம். அந்நாட்டில் பல பல்கலைக்கழகங்களில் இவ்வழக்கம் உண்டு. "அதனால் பயன் உண்டா?" என்று கேட்டேன். "கையெழுத்தைவிட எனக்கு உதவியவர் என் அறைத்தோழர். இரவு நேரத்தில் யார் அழைத்தாலும் தனியே போகாதே என்று முதல் நாளே சொன்னார். அவ்வாறு சொல்ல ஆள் இல்லாதவர்களே போனார்கள்" என்றார். இந்த விடையில் பெரியதோர் உண்மை இருப்பதாக எனக்குப் படுகிறது.

நமக்கு என்ன?

நைஜீரியாவின் துன்பம் நம் வளாகத்தில் இல்லை. அதை இங்கே இருப்பதாகக் கற்பனை செய்வதும் தவறு. ஆனால் அதன் விதை ஒன்று நமக்குப் புதியதன்று. மூத்தோர் இளையோரை இரவில் அழைத்து அவமதிப்பதும், "வெளியே சொல்லாதே, நாளை நீயும் மூத்தவன் ஆவாய்" என்பதும் ராகிங்கின் வழக்கமன்றோ? 1996-இல் தமிழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் இக்கொடுமைக்குப் பலியானார். அதன் பின்னரே, 1997-இல், தமிழ்நாட்டில் ராகிங் தடைச்சட்டம் வந்தது. அடியும் மௌனமும் சேர்ந்து உறவாகும் இடத்தில் எல்லாம் அந்த விதை இருக்கிறது.

வள்ளுவர் நட்புக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நிற்கவில்லை. நட்பாராய்தல், தீ நட்பு, கூடா நட்பு என்று அடுத்தடுத்து எச்சரிக்கவும் செய்தார். தனி மனிதரை ஆராய்வது போலவே சங்கத்தையும் ஆராய வேண்டும். அதற்கு நான்கு கேள்விகள் போதும். உறுப்பினர் பெயர்கள் எல்லார்க்கும் தெரியுமா? வரவு செலவுக் கணக்கை எவரும் கேட்கலாமா? அங்கே நடப்பதைப் பெற்றோரிடம் கூச்சமின்றிச் சொல்ல முடியுமா? விலக விரும்பியவர் நட்புக் குலையாமல் விலக முடியுமா? இவற்றுள் ஒன்றுக்கு "இல்லை" என்ற விடை வந்தாலும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். கொள்கை எவ்வளவு உயர்ந்ததாயினும் சரியே. 1952-இல் கூடிய எழுவரின் கொள்கையும் உயர்ந்ததுதான்.

நம் மன்றத்திற்கும் இக்கேள்விகள் பொருந்தும். கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம், நன்று. ஆனால், புதிதாக வந்த முதலாண்டு மாணவரை நாம் தேடிப் போகிறோமா? பொங்கல் விழாவுக்குச் சந்தா கேட்கும் நாளில் மட்டும் அவர் கதவைத் தட்டினால் போதாது. காய்ச்சலில் படுத்திருக்கும் நாளிலும், மெஸ் உணவு இறங்காத நாளிலும், முதல் தேர்வில் தோற்ற நாளிலும் தட்ட வேண்டும். தனித்து நிற்பவனைத் தீயவர் தேடி வருமுன் நாம் தேடிச் செல்வோம். இவ்வாண்டு வந்திருக்கும் நம் தம்பி தங்கையர் எந்தெந்த அறையில் இருக்கின்றனர் என்று, நண்பர்களே, நம்முள் எத்தனை பேருக்குத் தெரியும்?