உக்கியதா, அழுகியதா?

வெல்லாவெளிப் பக்கத்துப் பெண்களிடம் கெட்டுப்போவதற்கு ஒரு சொல் அல்ல, பல சொற்கள் உண்டு. சோறு புளிக்கும், கறி பழுதாகும், மீன் நாறும், சீலை இத்துப்போகும், மரம் உளுக்கும், பாண் பூஞ்சணம் பிடிக்கும். தக்காளி அழுகும், வைக்கோலோ உக்கும். கடைசி இரண்டும் ஒன்றுதான் என்று நான் எண்ணியிருந்தேன். சமூகவியல் படித்தவளுக்குப் பசளைக் குவியலைப் பற்றி என்ன தெரியும்?

2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தபோது, படுவான்கரையில் கூட்டெருவே பேச்சாயிற்று. நாங்களும் ஒரு மகளிர் குழுவுக்குத் துண்டுப்பிரசுரம் கொடுத்தோம். தமிழ்நாட்டு நூலொன்றைப் பார்த்து எழுதியது. 'நன்கு மக்கியபின் இடவும்' என்றிருந்தது. எங்களுக்கு மக்கு என்றால் படிப்பு ஏறாத பிள்ளை! எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்போடு விளக்கமும் போய்விட்டது.

அக்குழுவில் கணவனை இழந்த ஓர் அக்கா வைக்கோலையும் ஆற்றுவாழையையும் குவித்து, மழைக்குப் பயந்து பொலித்தீனால் இறுக மூடிவைத்தார். ஆறு வாரத்தில் கறுத்து, கூழ்முட்டை நாற்றம் எடுத்தது. கறுத்தால் பசளை என்று நம்பி, பெரும்போகத்தில் அரை ஏக்கருக்குப் போட்டார். பயிர் மஞ்சளாகிவிட்டது. "பொம்பிளை செய்த வெள்ளாமை" என்று வயற்காரர் கதைத்தார்கள். பிழை எங்கள் பிரசுரத்தில் இருந்தது.

காற்றுப் படும் குவியலில் நுண்ணுயிர்கள் வேலைசெய்யும்போது சூடு 55 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும். களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் சாகும். முடிவில் மழை பெய்த மண்ணின் மணம் வரும். இதுதான் உக்கல். காற்று இல்லாவிட்டால் வேறு பக்டீரியாக்கள் பெருகி நாற்றமெடுக்கும். அது அழுகல். அத்துடன் வைக்கோலில் காபன் அதிகம், நைதரசன் குறைவு. அரைகுறையாக உக்கியதை இட்டால், நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனை எடுத்துத்தான் மீதி வேலையை முடிக்கும். பயிர் பட்டினி கிடக்கும். கிளிசரியா இலையும் மாட்டுச் சாணமும் கலந்து, கையால் பிழிந்தால் ஓரிரு துளி வரும் ஈரத்தில் வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டவேண்டும்.

அப்படிச் செய்தாலும் கணக்கு இலேசானதல்ல. 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் உண்டு. 1.5 வீதம் நைதரசனுள்ள கூட்டெரு என்றால் 1,500 கிலோவுக்கு மேல் வேண்டும். குழுவில் அதைத் தலையில் சுமந்தவர்கள் யாரென்று சொல்லவேண்டியதில்லை. நவம்பரில் தடை நீங்கியது. விதைப்பு அதற்குள் முடிந்திருந்தது.

பிரசுரத்தைத் திருத்தினோம். 'உக்கியபின் போடுங்கள், நாறினால் போடாதீர்கள்' என்று அந்த அக்காவே சொல்லித்தந்தார். இப்போது மிளகாய்க் கன்றுகளுக்காக வேலியோரம் சிறு குவியல் வைத்திருக்கிறார். போனமுறை நான் சென்றபோது கம்பைக் குத்தி இழுத்து, மணந்து பார்த்தார்.

"இன்னும் உக்கல்ல புள்ள, கிடக்கட்டும்" என்றார்.